திரைச்சீலைக் கம்பி ஜன்னலின் அகலத்துக்கே இருந்தால் போதுமா?

ஜன்னலின் அகலத்துக்குச் சரியாகக் கம்பி வாங்கினால் போதுமா, துணி எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. சட்டத்தின் இருபுறமும் 15 முதல் 20 செ.மீ. வரை கம்பி நீண்டிருந்தால்தான், திரையை விலக்கும்போது துணி சுவரின் மேல் ஒதுங்கி, கண்ணாடியை மறைக்காமல் வெளிச்சத்தை உள்ளே விடும். சட்டத்துக்குச் சுமார் 10 செ.மீ. மேலே பொருத்தினால் மேல் இடுக்கில் கசியும் ஒளியும் குறையும்.

துணியின் மொத்த அகலம் கம்பியின் நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். குறைந்தால், திரையை மூடியபின் மடிப்பே விழாமல், கொடியில் காயப்போட்ட போர்வையைப் போலத் தட்டையாகத் தொங்கும். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கக்கூடும் என்பதால், தைக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள். படுக்கையறைக்கு நிறத்தைவிட நெசவின் அடர்த்தியே முக்கியம். துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

பலரும் கம்பியின் தடிமனைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் கருத்தில், முதலில் ஆட்டம் காண்பது சுவரில் உள்ள திருகாணிதான். கம்பி ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் நடுவிலும் ஒரு தாங்கி வைப்பது நல்லது. சாதாரண வளையங்கள் அந்தத் தாங்கியைக் கடந்து நகராது என்பதால், அப்போது திரையை இரண்டு பாகமாகவே தைக்க வேண்டியிருக்கும்.