வாசகர் கேள்வி–பதில்: ஸ்காட்லாந்தின் தொலைதூரத் தீவுகளுக்குக் குடும்பத்துடன் படகுப் பயணம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள தீவுகளுக்குப் படகில் சென்று கடற்பறவைகளையும் திமிங்கிலங்களையும் பார்க்க விரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: ஜூலை நடுவில் எங்களுக்கு ஒரு வாரம் விடுமுறை கிடைக்கிறது. ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். 68 வயதான என் அம்மாவும் உடன் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. செயின்ட் கில்டாவை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியும் என்கிறார்கள். எங்களுக்கு அது ஏற்றதா? — வாசகர், லெஸ்டர்

பதில்: இந்த முறை வேண்டாம் என்பதே என் கருத்து. செயின்ட் கில்டா, வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் மேற்கே சுமார் 64 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே தனித்து நிற்கும் தீவுக்கூட்டம். ஹாரிஸ் தீவின் லெவர்பர்கிலிருந்து வேகப் படகில் புறப்பட்டாலும் போவதற்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். திரும்புவதற்கும் அவ்வளவு நேரம் வேண்டும். வழியில் ஒதுங்குவதற்குக் கரை கிடையாது. போய்ச் சேர்ந்த பின், பெரிய படகிலிருந்து சிறிய ரப்பர் படகுக்கு மாறி, அலையின் ஏற்ற இறக்கம் பார்த்துத் துறையில் கால் வைக்க வேண்டும். இறங்குமிடமான வில்லேஜ் பே தென்கிழக்கு நோக்கித் திறந்திருப்பதால், அந்தத் திசையிலிருந்து காற்று வீசும் நாளில், அத்தனை தூரம் வந்தவர்களும் இறங்க முடியாமல் படகிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். கட்டணம் ஒருவருக்கு 200 பவுண்டுக்கு மேல். சில படகுகளில் சிறு குழந்தைகளை ஏற்றுவதும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையும் முழங்கால் வலியுள்ள அம்மாவும் இப்படி ஒரு நாள் முழுவதும் சிரமப்படுவதை நான் விரும்பமாட்டேன்.

நீங்கள் போக வேண்டிய இடம் மல் தீவு. அங்கிருந்து டிரெஷ்னிஷ் தீவுகளில் ஒன்றான லுங்காவையும், அதன் அருகில் உள்ள ஸ்டாஃபாவையும் ஒரே நாளில் பார்த்து வரலாம். ஓபன் துறைமுகத்திலிருந்து கிரெய்க்னூருக்குக் கார் ஏற்றும் ஃபெர்ரியில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணந்தான். ஆனால் ஜூலையில் கார்களுக்கான இடம் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும் என்பதால் முதலில் அதைப் பதிவு செய்யுங்கள். லுங்காவுக்கான படகுகள் டோபர்மோரி, அல்வா ஃபெர்ரி, ஃபியன்ஃபோர்ட் ஆகிய இடங்களிலிருந்து புறப்படுகின்றன. மல் தீவின் சாலைகள் பெரும்பாலும் ஒரே ஒரு வண்டி மட்டும் செல்லும் அகலமுடையவை; எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட்டுத்தான் போக வேண்டும். எனவே வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாமல் முன்கூட்டியே கிளம்புங்கள்.

லுங்காவில் துறை எதுவும் கிடையாது. படகுக்காரர்கள் ஒரு மிதவை மேடையைக் கரையோரம் தள்ளி நிறுத்துவார்கள். அதிலிருந்து இறங்கி, உருண்டைக் கற்கள் நிறைந்த கரையைக் கடந்து, குறுகிய செங்குத்தான பாதையில் ஏற வேண்டும். கற்களில் பாசி வழுக்கும். உங்கள் அம்மாவுக்குக் கடினமாக இருக்கப்போவது இந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. ஊன்றுகோல் ஒன்றும், கைகொடுத்து அழைத்துச் செல்ல ஓர் ஆளும் இருந்தால் போதும். அவரால் இயலாது என்று தோன்றினால் படகிலேயே இருக்க முடியுமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

மேலே ஏறியவுடன் புல்வெளியின் விளிம்பில் அமர்ந்துவிடுங்கள். அதற்கு மேல் நடக்கவே வேண்டாம். அந்தப் புல்தரையின் அடியில்தான் வண்ண அலகுடைய சிறு கடற்பறவைகளான பஃபின்கள் வளை தோண்டி முட்டையிடுகின்றன. ஓர் இணைக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. ஜூலையில் குஞ்சுக்கு இரை தேவைப்படுவதால், தாயும் தந்தையும் மாறி மாறிக் கடலுக்குப் போய், அலகின் குறுக்கே வெள்ளி நிற மணல்விலாங்கு மீன்களை வரிசையாகப் பிடித்துக்கொண்டு வந்து, சில அடி தொலைவில் இறங்கி, ஒரு கணம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சட்டென்று வளைக்குள் மறையும். மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தை, பிற பறவைகளைத் தாக்கும் ஸ்குவாக்களும் பெரிய கடற்காகங்களும் நெருங்கத் தயங்குவதால், பஃபின்கள் நம் அருகில் இருப்பதைப் பாதுகாப்பாகவே கருதுகின்றன என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். ஆறு வயதுக் குழந்தை அசையாமல் அமர்ந்து ரசிக்கக்கூடிய காட்சி இதைப் போல் வேறொன்றை நான் அறியேன். நடக்கத் தெம்புள்ளவர்கள் இன்னும் சற்றுத் தூரம் போனால், ஹார்ப் ராக் என்னும் பாறையில் கில்லிமாட் என்னும் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் தோளோடு தோள் உரசி நிற்பதைக் காணலாம். அவற்றின் வாடை முன்னதாகவே நம்மை எட்டிவிடும்.

ஸ்டாஃபாவில் நீங்கள் பார்க்கப்போவது கல். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு மெல்ல ஆறி, சுருங்கி, அறுகோணத் தூண்களாக வெடித்து நின்றதே ஃபிங்கல் குகை. 1829-இல் இசையமைப்பாளர் மெண்டல்சன் இங்கு வந்ததும், அந்தப் பயணத்தின் விளைவாக ஹெப்ரிடீஸ் என்னும் இசைப்படைப்பு பிறந்ததும் பலரும் அறிந்தவை. தூண்களின் மேல் நடக்கும் பாதை ஈரமாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

மல்லில் குறைந்தது நான்கு இரவுகளாவது தங்குங்கள். படகை முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ பதிவு செய்யுங்கள். காற்று எழுந்து பயணம் ரத்தானால் அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ள அப்போதுதான் இடமிருக்கும். ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் படகை வைத்துக்கொண்டு ஏமாந்து போகும் குடும்பங்கள் ஆண்டுதோறும் இருக்கின்றன. செயின்ட் கில்டாவைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு பாருங்கள். 196 மீட்டர் உயரத்துக்குக் கடலிலிருந்து நேராக எழும் ஸ்டாக் அன் ஆர்மின் பாறையும், 1930 ஆகஸ்ட் 29 அன்று எஞ்சியிருந்த தீவுவாசிகள் 36 பேரும் தங்கள் வேண்டுகோளின்படியே வெளியேற்றப்பட்ட பின் வெறிச்சோடிக் கிடக்கும் அந்த ஒற்றைத் தெருவும், அவற்றின் பொருளை உணரும் வயதில் காணத்தக்கவை.

கேள்வி: நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். இங்கிலாந்திலிருந்து அக்காவின் குடும்பம் ஆகஸ்ட் மூன்றாம் வாரம்தான் வர முடியும். அக்கா பிள்ளைகளுக்குப் பஃபின் என்றால் உயிர். அப்போதும் இருக்குமா? — வாசகி, கிளாஸ்கோ

பதில்: இருக்காது, சகோதரி. பஃபின்கள் ஏப்ரலில் நிலத்துக்கு வருகின்றன. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் பெரும்பாலானவை கடலுக்குத் திரும்பிவிடுகின்றன. குஞ்சு வளர்க்கும் காலம் முடிந்ததும் அலகின் வண்ணத் தகடுகளும் உதிர்ந்துவிடுவதால், நடுக்கடலில் தற்செயலாக ஒன்று எதிர்ப்பட்டாலும் படங்களில் பார்த்த பறவையாகப் பிள்ளைகளுக்குத் தோன்றாது. இதைப் புறப்படும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். படகில் ஏறிய பின் சொன்னால் அன்றைய பொழுது முழுவதும் பாழாகிவிடும்.

ஆனால் அதே வாரம் திமிங்கிலம் பார்க்க நல்ல காலம். தீவில் இறங்கும் பயணத்தை விட்டுவிட்டு, கோல், டைரீ தீவுகளைச் சுற்றிய கடலில் நாள் முழுவதும் திரியும் படகைத் தேர்ந்தெடுங்கள். ஏழு முதல் ஒன்பது மீட்டர் வரை வளரும் மிங்கி திமிங்கிலமும், மீன்களில் உலகிலேயே இரண்டாவது பெரியதான பாஸ்கிங் சுறாவும் கோடையில் உணவு தேடி வரும் பகுதி அது. இவ்விரண்டின் பொருட்டே ஹெப்ரிடீஸ் கடல் 2020-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. சுறா என்றதும் பிள்ளைகள் அஞ்ச வேண்டாம்: அது வாயைத் திறந்தபடி மெல்ல நீந்தி, நீரை வடிகட்டி, மிகச் சிறிய மிதவை உயிரிகளைத் தின்று வாழ்வது. கானெட்களும் அப்போது இருக்கும். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து சிறகை மடக்கி நீரில் பாயும் அந்த வெள்ளைப் பறவையை ஒருமுறை பார்த்தால், பஃபின் இல்லாத குறையைப் பிள்ளைகள் ஓரளவு மறப்பார்கள்.

கேள்வி: என் மாமியார் எப்போதும் புடவைதான் உடுத்துவார். காரில் போனாலே அவருக்குத் தலை சுற்றும். படகில் என்ன செய்வது? — வாசகி, எடின்பரோ

பதில்: முதலில் படகைப் பற்றி. ரப்பர் விளிம்புள்ள ரிப் எனப்படும் வேகப் படகு அலைமேல் குதித்துக் குதித்துச் செல்வது. முதுகு வலி உள்ளவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அது ஆகாது. உங்கள் மாமியாருக்குக் கூரையும் கழிவறையும் உள்ள பெரிய படகே ஏற்றது. அதிலும் பின்பகுதியில், நடுவாக, காற்றுப் படும் இடத்தில் அமரச் செய்யுங்கள். பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும். கைப்பேசியைப் பார்ப்பதும், உள்ளறைக்குப் போய்ப் படுப்பதும் குமட்டலைக் கூட்டும். வெறும் வயிற்றுடன் ஏறக் கூடாது. குமட்டலுக்கான மாத்திரை வேலை செய்ய நேரம் பிடிக்கும். சின்னாரிசைன் வகையைப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். அவர் வேறு மருந்துகள் எடுத்துக்கொள்பவராக இருந்தால், மருந்தகத்தில் கேட்ட பின்பே வாங்குங்கள்.

புடவையைப் பற்றித் தயங்காமல் சொல்கிறேன். நடுக்கோடையிலும் திறந்த கடலில் காற்று குளிரும். நனைந்த கொசுவம் ஏணியிலும் மிதவையிலும் காலைத் தடுக்கும். அன்று ஒரு நாள் மட்டும் கம்பளி உள்ளாடை, கால்சட்டை, அதன் மேல் நீர்புகா உடை, பிடிப்புள்ள பூட்ஸ் அணியச் சம்மதிக்கச் சொல்லுங்கள். நீங்களும் அவ்வாறே உடுத்திக்கொண்டு அவரோடு நின்றால் கூச்சம் குறையும். லுங்காவிலும் ஸ்டாஃபாவிலும் கடையோ கழிவறையோ இல்லை என்பதால், உணவையும் தண்ணீரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இப்படிக் கூட்டம் கூட்டமாக நாம் போவது அந்தப் பறவைகளுக்குத் தொல்லை ஆகாதா? பறவைக் காய்ச்சல் வந்ததாகவும் படித்தேன். போகாமல் இருப்பதுதானே நல்லது? — வாசகர், ஹாரோ

பதில்: தீங்கு நேரக்கூடும் என்பது உண்மை. 2021-இல் செயின்ட் கில்டாவின் ஸ்குவாக்களிடையே பறவைக் காய்ச்சல் பரவியது; 2022 கோடையில் கானெட்களும் பெருமளவில் மடிந்தன. அப்போது பல தீவுகளில் மக்கள் இறங்குவதே நிறுத்தி வைக்கப்பட்டது. அப்படி ஓர் அறிவிப்பு மீண்டும் வந்தால் எதிர்த்து வாதாடாமல் ஏற்க வேண்டியது நம் கடமை. இறந்த பறவையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடாதீர்கள். பிள்ளைகள் இறகு பொறுக்கவும் விடாதீர்கள்.

நம் கட்டுப்பாட்டில் இருப்பவை சிறியவை, ஆனால் அவற்றின் விளைவு பெரிது. பாதையை விட்டு ஓரடி விலகி மிதித்தாலும் வளையின் கூரை சரிந்து குஞ்சு புதையலாம். வளையின் வாயை மறைத்து அமர்ந்தால், இரை கொண்டுவந்த பறவை இறங்க இடமின்றி வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். அவ்வாறு வட்டமிடுவதைக் கண்டால் உடனே நகர்ந்து கொள்ளுங்கள். பைகளைக் கிளம்பும் முன் கொட்டிப் பாருங்கள். எலி ஒன்று படகேறித் தீவை அடைந்துவிட்டால் நிலத்தில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளும் குஞ்சுகளும் அதற்கு இரையாகும். ஷியன்ட் தீவுகளில் எலிகளை ஒழித்து, 2018-இல் அவை எலியற்ற தீவுகள் என்று அறிவிப்பதற்குள் எத்தனை ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

படகைத் தேர்ந்தெடுப்பதும் நம் பொறுப்பே. திமிங்கிலங்களையும் டால்ஃபின்களையும் பாஸ்கிங் சுறாக்களையும் வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ தொந்தரவு செய்வது ஸ்காட்லாந்தில் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நல்ல படகோட்டி விலங்கைத் துரத்தமாட்டார்; வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் விலகிச் சென்று, நெருங்குவதா வேண்டாமா என்ற முடிவை விலங்கிடமே விட்டுவிடுவார். "நிச்சயம் மிக அருகில் காட்டுகிறோம்" என்று உறுதி தருபவரைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆனாலும் எவருமே போகாமல் இருப்பது நல்லது என்ற முடிவுக்கு நான் வரவில்லை. பிரிட்டனில் 1918 வாக்கில் அழிந்துபோன வெண்வால் கழுகை, 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் விட்டு மீட்டெடுத்தார்கள். 1985-இல் மல் தீவில் அவை மீண்டும் குஞ்சு பொரித்தன. இன்று அந்தக் கழுகைக் காண வரும் மக்கள் செலவிடும் பணம் மல்லின் பல குடும்பங்களுக்கு வருமானமாக இருக்கிறது. பஃபின்களின் இரையான மணல்விலாங்கைப் பிடிப்பதை 2024-இல் ஸ்காட்லாந்து தன் கடற்பரப்பு முழுவதும் தடைசெய்தது. பறவைகளைக் கண்ணாரக் கண்டவர்கள் நாட்டில் பலர் இருந்தால்தான் இத்தகைய முடிவுகளுக்கு ஆதரவு கிடைக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி: எனக்குப் பன்னிரண்டு வயது. திமிங்கிலத்தை நானே முதலில் கண்டுபிடிக்க என்ன செய்ய வேண்டும்? எந்த பைனாகுலர் வாங்கலாம்? — இளம் வாசகி, பிரிஸ்டல்

பதில்: கண்ணே, எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும், பத்து மடங்கு என்றால் படகின் ஆட்டத்தில் எதுவும் நிலையாகத் தெரியாது. ஆனால் முதலில் வெறும் கண்ணாலேயே தேட வேண்டும். கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்து வா. பறவைகள் ஓரிடத்தில் கூடிக் கூச்சலிட்டுப் பாய்ந்தால் அடியில் மீன்கூட்டம் இருக்கிறது என்று பொருள். மிங்கியும் அங்கே வரலாம். அது வாலை உயர்த்திக் காட்டாது. கரிய முதுகு நீளமாக உருண்டு எழும், பின்னோக்கி வளைந்த சிறு துடுப்பு தெரியும், பிறகு மறைந்துவிடும். மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிராதே. சில நிமிடங்கள் கழித்து வேறோரிடத்தில் எழும். காற்று உன் பக்கம் வீசினால் அதன் மூச்சின் அழுகிய முட்டைக்கோஸ் போன்ற நாற்றமும் வரும்.

பார்த்ததை நேரம், இடம், எண்ணிக்கையோடு குறித்துவை. டோபர்மோரியில் இயங்கும் ஹெப்ரிடியன் திமிங்கில, டால்ஃபின் அறக்கட்டளை, வேல் டிராக் என்னும் செயலி வழியாக இத்தகைய குறிப்புகளைப் பொதுமக்களிடமிருந்து பெற்று ஆய்வுக்குப் பயன்படுத்துகிறது. பெரியவர் ஒருவரின் உதவியோடு அதில் பதிந்துவிடு. நாள் முழுவதும் தேடி எதையும் காணவில்லை என்றால், தேடிய வழியையும் நேரத்தையும் அதிலேயே பதிவு செய்யலாம். எங்கே இல்லை என்பதும் ஆய்வாளர்களுக்குத் தேவையான செய்திதான்.