நோயாளிகளுக்கான 500 கோடி டாலர் ஏன் போதவில்லை?

ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்குத் தனிக் காப்பீடு நடத்த அமெரிக்க அரசு 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் (ஒபாமாகேர்) ஒதுக்கிய 500 கோடி டாலர் ஏன் போதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நலமாக இருப்பவர்கள் கட்டும் பிரீமியத்தில்தான் நோயாளிகளின் செலவு ஓடும். பி.சி.ஐ.பி. என்ற அந்தத் திட்டத்தில் நலமானவர்களே கிடையாது. சேர நோய் இருக்க வேண்டும்; 6 மாதம் காப்பீடே இல்லாமலும் இருந்திருக்க வேண்டும். புற்றுநோய் வந்தவரை 6 மாதம் காக்க வைப்பது கொடுமை. அப்படிக் காத்திருந்து வந்தவர்களில் பலருக்கு உடனே பெரிய சிகிச்சை தேவைப்பட்டது. பிரீமியமோ சாதாரணச் சந்தை விலைதான். மிச்சமெல்லாம் அரசின் தலையில். சுமார் 1 லட்சம் பேர் சேர்ந்த நிலையில், 2013 தொடக்கத்தில் புதிய சேர்க்கையை நிறுத்தினார்கள்.

2014 முதல் நோயைக் காட்டிக் காப்பீடு மறுக்கக் கூடாது என்ற விதி வந்தது. அப்புறம் இந்தத் திட்டம் தேவைப்படவில்லை.