விரலை விட்டுப் பாருங்கள்: மெக்கானிக் பதில்கள்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பதிலில், "ஷார்ஜாவில் குவாட் பைக் வாடகைக் கொட்டகையில் 17 வருடம் ஸ்பேனர் பிடித்தவன் நான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான். ஏடிவி என்கிற அந்த நாலு சக்கர மணல் வண்டியைப் பற்றியே கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. டூவீலர் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மைத்துனர் துபாயில் எலக்ட்ரீஷியன். வாரக் கடைசியில் மணல்மேட்டில் ஓட்ட செகண்ட் ஹேண்டில் குவாட் வாங்கப் போகிறார். ஹோண்டா உழைக்குமா, யமஹா ராப்டர் உழைக்குமா?
– வாசகர், தேவகோட்டை

ஹோண்டா என்றால் எந்த ஹோண்டா? அதைச் சொல்லாமல் கேட்பது, "மாடு நல்லதா, குதிரை நல்லதா" என்று கேட்கிற மாதிரி.

ஹோண்டாவின் பெயர் நிலைத்தது பண்ணை வேலை வண்டிகளால். ஃபோர்ட்ராக்ஸ் 300 என்று ஒன்று, 1988 முதல் 2000 வரை வந்தது. 282 சிசி. காற்றிலேயே குளிரும் என்ஜின், கூட ஒரு ஆயில் கூலர். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, செயினும் கிடையாது, அதற்குப் பதில் ஷாஃப்ட் என்கிற சுழல் தண்டுதான். இல்லாத சாமான் எப்படிக் கெடும்? இருபது முப்பது வருடம் தாண்டியும் ஓடுகிற 300-கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் மைத்துனர் அதை வைத்து அல் பதாயர் பெரிய மணல்மேட்டில் ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். அது வைக்கோல் கட்டு இழுக்கப் பிறந்த வண்டி.

ராப்டர் 700 வேறு ஜாதி. 2006-இல் வந்தது. 686 சிசி, ஒற்றை சிலிண்டர், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், ஐந்து கியர், ரிவர்ஸ் உண்டு, பின்சக்கரத்துக்குச் செயின். எமிரேட்ஸ் வாடகைக் கொட்டகைகளில் இதை நிறையப் பார்க்கலாம். என்ஜின் கெட்டி. ஓட்டத் தெரியாத டூரிஸ்ட் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு பிரேக்கிலும் கால் வைப்பார், அதையும் தாங்கும். செயின், பின் ஆக்ஸில் பேரிங், முன்பக்க பால் ஜாயிண்ட் இந்த மூன்றுக்கும் மட்டும் மணலில் ஆயுசு குறைவு. அது கம்பெனியின் குறை இல்லை, மணலின் குணம். ஒன்று சொல்லிவிடுங்கள்: ஊர் பைக்குக்குப் போடுகிற மாதிரி செயினில் கெட்டி ஆயிலைக் கொட்டக்கூடாது. ஆயிலில் மணல் ஒட்டினால் அது செயின் இல்லை, அரம். பல் சக்கரத்தைத் தின்றுவிடும்.

மணல்மேடுதான் என்றால் ராப்டர். ஆனால் பேட்ஜைப் பார்த்து வாங்க வேண்டாம், விரலை விட்டுப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். சீட்டைக் கழற்றினால் ஏர் ஃபில்டர் பெட்டி. ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் என்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவ வேண்டும். விரலில் டால்கம் பவுடர் மாதிரி மாவு மணல் ஒட்டினால், அந்த என்ஜின் மணலைக் குடித்திருக்கிறது. ஆயிரம் திர்ஹாம் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். டீ வாங்கிக் கொடுத்தால் மட்டும் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

மீட்டரில் 90 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், அபுதாபி

குவாடுக்குக் கிலோமீட்டரை விட ஓடிய மணி நேரம்தான் கணக்கு, சரி. ஆனால் மீட்டரை மாற்ற அரை மணி நேரம் போதும். கால் வைக்கிற இடத்தில் பல் மழுங்கியிருக்கிறதா, பிரேக் மிதியின் ஓரம் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா, என்ஜின் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். 90 மணி நேர வண்டியில் என்ஜினை யாரும் அவிழ்த்திருக்க மாட்டார்கள். அப்புறம் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் பேரிங்கோ பால் ஜாயிண்டோ போயிருக்கிறது.

அண்ணா, ஆறு மாதமாக ஷார்ஜாவில் குவாட் கொட்டகையில் ஹெல்ப்பராக இருக்கிறேன். எங்களிடம் நான்கு கம்பெனி வண்டிகள் இருக்கின்றன. நான்கும் மாறி மாறி நீலப்புகை விடுகின்றன. எந்தக் கம்பெனி மோசம் என்று முதலாளி கேட்கிறார். என்ன சொல்ல?
– பெயர் வேண்டாம் என்கிறார்

தம்பி, நான்கு கம்பெனியும் சேர்ந்து புகைவிட்டால் கம்பெனி மேல் தப்பு இருக்காது. நீங்கள் ஏர் ஃபில்டர் கழுவுகிற வாளியில்தான் இருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலம். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் அங்கே சீசன் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை, வெளியே மூன்று பஸ் டூரிஸ்ட். ஆறு வண்டியின் ஃபோம் ஃபில்டரைப் பெட்ரோலில் அலசி, பிழிந்து, வெயிலில் காயவைத்து, அப்படியே மாட்டினேன். ஃபில்டர் ஆயில் தடவவில்லை. நேரமில்லை என்பது ஒரு காரணம், அது எதற்கு என்றே தெரியாது என்பது இன்னொரு காரணம். இரண்டு வாரத்தில் ஒரு வண்டி இழுவை இழந்தது, இன்னொன்று புகைந்தது. பிரித்தால், சிலிண்டர் சுவரில் நெடுக்குக் கோடுகள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. எங்கள் உஸ்தாத், அதாவது தலைமை மெக்கானிக், பெஷாவர்க்காரர், அதிகம் பேச மாட்டார். என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, புது பிஸ்டன் ரிங் ஒன்றையும் அந்த வண்டியிலிருந்து எடுத்த ரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையது மணலில் தேய்ந்து பிளேடு மாதிரி இருந்தது. அப்படித் தேய்ந்த ரிங்கைத் தாண்டி ஆயில் மேலே போய் எரிவதுதான் நீலப்புகை. அவ்வளவுதான் பாடம். சம்பளத்தில் பிடிக்கவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது.

ஃபோம் என்பது தேன்கூடு மாதிரி ஓட்டைதான். அதில் தடவிய ஆயிலின் பிசுபிசுப்புதான் தூசியைப் பிடிக்கிறது. காய்ந்த ஃபோம், சல்லடை. பெட்ரோலில் கழுவாதீர்கள், ஃபோமை ஒட்டியிருக்கிற பசை விட்டுப்போகும். மண்ணெண்ணெயில் அலசி, பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். முறுக்காதீர்கள், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அமுக்கிப் பிழியுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஃபில்டர் ஆயிலை ஊற்றி, எல்லாப் பக்கமும் ஒரே நிறம் வரும் வரை பிசையுங்கள். சொட்டக்கூடாது, வெள்ளைத் திட்டும் இருக்கக்கூடாது. பெட்டியில் ஃபில்டர் உட்காருகிற விளிம்பில் ஒரு விரல் கிரீஸ். சீசனில் இது தினமும் நடக்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது ஒன்று ஓடும்.

முதலாளியிடம் கம்பெனி பெயர் எதையும் சொல்ல வேண்டாம். ஃபில்டர் ஆயில் ஒரு கேன் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வண்டி மணலிலிருந்து வந்ததும் சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். ரெண்டு நிமிஷம் ஐட்லிங்கில் நிற்கட்டும், ஃபேன் சுற்றி முடியட்டும்.

நியூசிலாந்தில், வைக்காட்டோ பக்கம் ஒரு பால் பண்ணையில் வேலை. சேறும் சாணமுமாகத்தான் குவாட் ஓட்டுகிறோம். பிரேக் சீக்கிரம் தேய்கிறது. அடுத்த வண்டி பெல்ட் டைப்பா, கியர் டைப்பா என்று முதலாளி யோசிக்கிறார்.
– வாசகர், ஹாமில்டன்

நான் பசுமாட்டுக்குப் பின்னால் குவாட் ஓட்டியதில்லை. ஆனால் வளைகுடாவில் கடலோரமாக ‘சப்கா’ என்று உப்புச் சேற்று நிலம் உண்டு. அங்கே போய்வந்த வண்டியைக் கழுவிய அனுபவத்தில் சொல்கிறேன்.

பிரேக்கில் மூன்று விதம். பழைய டிரம், தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது. டிஸ்க், வெளியே தெரிகிறது, சேறு படுகிறது, பேடைத் தின்கிறது, ஆனால் மாற்றுவது சுலபம். மூன்றாவது, பின்பக்கம் முழுக்க மூடி, ஆயிலில் மூழ்கிய தட்டுகள். சுஸுகி கிங்குவாட் 750, கவாஸாகி ப்ரூட் ஃபோர்ஸ் 750 போன்றவற்றில் இருக்கிறது. சேற்றுக்கு அதுதான் சரி.

பெல்ட்டா கியரா என்பதில், ஓட்டுபவர் யார் என்று பார்க்க வேண்டும். ஸ்கூட்டி மாதிரி பெல்ட் இருந்தால் யாரும் ஓட்டலாம். போலாரிஸ், கேன்-ஆம், சுஸுகி, யமஹாவின் பெரிய 4x4 எல்லாம் பெல்ட்தான். இதில் யமஹாவின் கிரிஸ்லி, கோடியாக் வகையில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். வண்டியைக் கிளப்புகிற வேலையைத் தனியாக ஆயிலில் ஓடும் ஒரு கிளட்ச் பார்த்துக்கொள்ளும். அதனால் கிளம்பும்போது பெல்ட் வழுக்கிச் சூடாவது குறைவு. ஹோண்டாவின் பண்ணை வண்டிகள் பெல்ட் பக்கமே போகவில்லை, கியர்தான். சிலவற்றில் பட்டனை அழுத்தினால் கியர் விழும்.

பெல்ட் வண்டி வாங்கினால் ஒரே ஒரு பழக்கம் வேண்டும்: டிரெய்லர் இழுக்கும்போதும், மேட்டில் மெதுவாக ஏறும்போதும் ‘லோ’வில் போடுங்கள். ‘ஹை’யில் வைத்து மெதுவாக இழுத்தால் பெல்ட் சூட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும், அதன் பிறகு பிடிக்காது. கருகின ரப்பர் வாடை வந்தால் அது பெல்ட்டின் கடைசிக் கடிதம். கியர் வண்டிக்கு இந்தக் கவலை கிடையாது. பண்ணையில் நாலைந்து பேர் மாற்றி மாற்றி ஓட்டுகிறீர்கள் என்றால் என் ஓட்டு கியருக்கு.

பிரஷர் வாஷரை வீல் நடுவில் காட்டாதீர்கள். சீலைத் தாண்டித் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பால் பண்ணைக்காரர்களின் பேரிங் பாதி கழுவிக் கழுவியே செத்துப்போகும் என்று எனக்குச் சந்தேகம்.

உங்கள் பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவில், 2021 அக்டோபரிலிருந்து புதிதாக விற்கிற பண்ணைக் குவாடில், கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கிற கம்பி வளைவு கட்டாயம். அதை ஒப்புக்கொள்ளாமல் ஹோண்டாவும் யமஹாவும் அங்கே பண்ணைக் குவாட் விற்பதையே விட்டுவிட்டன. எனக்கு அதில் கம்பெனிகள் மேல் வருத்தம் உண்டு. முதலாளியிடம் அந்த வளைவையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஈரச் சரிவில் வண்டி உழைப்பதை விட நீங்கள் வீட்டுக்குத் திரும்புவது முக்கியம்.

சின்ன வயதில் ஒரு ஆங்கிலப் படத்தில் மூன்று சக்கரக் குவாட் பார்த்தேன். இப்போது ஏன் காணோம்?
– வாசகர், தஞ்சாவூர்

தொடக்கமே மூன்று சக்கரம்தான். ஹோண்டா 1970-இல் கொண்டுவந்தது. திருப்பத்தில் சாய்ந்து கவிழும். அமெரிக்காவில் சாவும் எலும்பு முறிவும் கூடிப்போய், 1988-இல் அரசோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தில் விற்பனையை நிறுத்தினார்கள். என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. எண்ணிக்கையில்தான் ஒரு சக்கரம் குறைவு.

என் எட்டு வயது மகனுக்குக் கணவர் 110 சிசி சைனா குவாட் வாங்கியிருக்கிறார். இது எத்தனை நாள் வரும்?
– வாசகி, கோவை

என்ஜின் நிறைய நாள் வரும் அம்மா. அது ஹோண்டா கப் மொபெட்டின் படுத்த என்ஜினைப் பார்த்துச் செய்தது, எந்த மெக்கானிக்கும் பிரிப்பார். கவனம் வேண்டியது போல்ட்டிலும் வெல்டிங்கிலும். முதல் ஒரு மணி நேரம் ஓடியதும் ஸ்டியரிங், சக்கரம், ஹேண்டில் பார் போல்ட் எல்லாவற்றையும் இறுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஏடிவி ஓட்டவே கூடாது என்கிறது. உங்கள் கணவர் கேட்க மாட்டார் என்றால், ஆக்ஸிலேட்டர் கட்டை விரல் லீவர் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் வேகம் குறையும். நடக்கிற வேகத்துக்கு இறக்கிவிடுங்கள். ஹெல்மெட் போட்டு, வீட்டு வளாகத்துக்குள் மட்டும். தெருவில் கூடாது.

ஏடிவி தானாகத் தீப்பிடிக்கும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
– வாசகர், மஸ்கட்

அவர் சொல்வது அநேகமாக 2016 செய்தி. போலாரிஸ் ஆர்இசட்ஆர் 900, 1000 என்ற வண்டிகளில், 2013 முதல் 2016 வரையிலான மாடல் சுமார் 1,33,000-ஐ அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். 160-க்கு மேல் தீ விபத்துகள், 15 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். விவரத்தை உரிய நேரத்தில் அரசிடம் சொல்லவில்லை என்று 2018-இல் 2.725 கோடி டாலர் அபராதமும் கட்டினார்கள். அது கார் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற வண்டி, நீங்கள் ஓட்டுகிற குவாட் இல்லை.

செகண்ட் ஹேண்டில் அந்த வருட ஆர்இசட்ஆர் கிடைத்தால், திரும்ப அழைத்த வேலை முடிந்ததா என்று சேஸிஸ் நம்பரை வைத்து டீலரிடம் கேளுங்கள். எந்த வண்டியானாலும் சைலன்சரைச் சுற்றிக் காய்ந்த புல் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சுற்றி வளைக்காதீர்கள். உங்கள் சொந்தக் காசில் எதை வாங்குவீர்கள்?
– வாசகர், காரைக்குடி

உள்ளூர்க்காரர், விடமாட்டீர்கள்.

உழைப்புக்கு என்றால் கியர் வைத்த ஹோண்டா. யோசிக்கவே மாட்டேன். ஆனால் ஆசை என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் கொட்டகையில் மூலையில் ஒரு யமஹா பான்ஷீ நின்றது. ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 347 சிசி. நம்மூர் ராஜ்தூத் 350 ஞாபகம் இருக்கிறதா? அந்த யமஹா ஆர்டி பரம்பரையில், தண்ணீரால் குளிரும் தம்பி என்ஜின்தான் அதில். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், அளவு தப்பினால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். நம்பகம் என்று பார்த்தால் பத்துக்கு ஐந்து கூட நான் போட மாட்டேன். ஆனால் சாயங்காலம் அதை ஸ்டார்ட் பண்ணினால், மேட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருக்கிற எல்லா மெக்கானிக்கும் திரும்பிப் பார்ப்பான்.

ஊருக்குக் கிளம்புகிற வாரம் அர்பாபிடம், அதாவது முதலாளியிடம், அதற்கு விலை கேட்டேன். அவர் சிரித்தார், எனக்குச் சுலைமானி என்கிற பால் இல்லாத டீ ஒன்று சொன்னார். அதோடு சரி.