ஓடு மெலிந்த முட்டைக்குச் சோற்றைக் குறையுங்கள்

வணக்கம் சகோதரி. ஆயர் ஈத்தாம் வீட்டின் பின்புறம் நான்கு கோழி வளர்ப்பதாகவும், முட்டை ஓடு தாள் மாதிரி மெலிந்து, அவையே கொத்தித் தின்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்காகக் கோழியை அறுத்துவிடாதீர்கள். பட்டர்வொர்த்தில் என் கோழிகளும் இதையே செய்து, திருந்தின.

மிச்சச் சோறுதான் முக்கியத் தீனி என்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சோற்றில் அது இல்லை என்றே சொல்லலாம். முட்டைக் கோழித் தீவனத்துக்கு மாறுங்கள். அதோடு, குவேத்தியாவ் (அரிசி நூடுல்ஸ்) கடையில் கெராங் என்னும் சிப்பியின் ஓடு கேட்டு வாங்கி, கொதிக்கவைத்துக் காயவைத்து, அரிசி நொய் அளவுக்கு இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதை அவையே எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் கிண்ணம் காலியாக இருக்கக் கூடாது, ஏனென்றால் ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது.

அப்புறம் நம்ம ஊர் வெக்கை. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைக்கும். இரைக்க இரைக்க இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடும் மெலியும். கூண்டை நிழலுக்கு மாற்றி, மதியம் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள்.

கொத்தும் பழக்கத்துக்கு கோல்ஃப் பந்து ஒன்றை முட்டையிடும் பெட்டியில் போடுங்கள். கொத்திக் கொத்தி அலுத்துவிடும். இட்ட முட்டையை உடனே எடுத்துவிடுங்கள். என் சிவப்புப் பெட்டை மறுபடி இட்ட முதல் நல்ல முட்டை, உள்ளங்கையில் சூடாக, லேசான சொரசொரப்போடு இருந்தது. அன்று முழுக்கச் சந்தோஷம்!

இரண்டு வாரம் கழித்தும் ஓடில்லாத தோல்முட்டை வந்தால் கோழிகளின் வயதை எழுதுங்கள்.