கொதிக்கிற தாருக்குக் குளிர் என்ன செய்யும்?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் லடாக் போயிருந்தோம். லேவிலிருந்து கார்துங் லா கணவாய்க்கு ஏறும் வழியில் ஓரிடத்தில் தார்க் கலவையை விரிக்கும் பேவர், ரோலர் எல்லாம் சும்மா நின்றன. “இனிமே அடுத்த வருஷம்தான் தார்” என்றார் டிரைவர். கொதிக்கக் கொதிக்கக் கொட்டுகிற கலவையைக் குளிர் என்ன செய்துவிடும் சார்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: கொட்டும்போது சூடு இருந்தால் போதாது தம்பி, ரோலர் கடைசி ஓட்டம் முடிக்கிற வரை இருக்க வேண்டும். கடலைமிட்டாய் போடுகிறவர்கள் பாகு ஆறுவதற்குள் கட்டையால் தேய்த்து முடிப்பார்கள் இல்லையா, அதே அவசரம்தான் எங்களுக்கும்.

குளிர்ப் பகுதிக்கு விஜி-10 என்ற இளகின ரகத் தார். பிளாண்டிலிருந்து கலவை 140 முதல் 160 டிகிரி சூட்டில் வரும். விரிக்கும்போது 130க்குக் குறையக்கூடாது. 80க்கு இறங்குவதற்குள் உருட்டி முடித்தாக வேண்டும். மேல் அடுக்கோ பல இடங்களில் 30 மில்லிமீட்டர்தான். மேலே காற்று, கீழே சில்லிட்ட தரை, இரண்டுமாகச் சூட்டை உறிஞ்சிவிடும். நம்மூர் மே மாதத்தில் நிதானமாக உருட்டலாம். அங்கே பேவரை ஒட்டியே ரோலர் ஓட வேண்டும்.

நான் அங்கே வேலை பார்த்தபோது குளிரைவிடக் காற்றுக்குத்தான் பயந்தேன். வெயில் பளிச்சென்று அடிக்கும், மலை நிழல் விழுகிற வளைவில் மட்டும் தளம் ஐஸாக இருக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக விதிப்படி, தளத்தை ஒட்டிய காற்று 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரணத் தார் போடக்கூடாது. பாலிமர் சேர்த்த தார் என்றால் 15. காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினாலும் நிறுத்த வேண்டும்.

மீறிப் போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ரோடு கறுப்பாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் தார் இறுகிப்போனதால் ஜல்லி நெருங்கி உட்கார்ந்திருக்காது. இடுக்கில் தண்ணீர் இறங்கும், ராத்திரி உறையும். உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும் அல்லவா? பனி விலகும்போது ஜல்லி கையோடு பெயர்ந்து வரும். அதனால் வேலையை நிறுத்திய கான்ட்ராக்டரை நான் சந்தேகப்பட மாட்டேன்; பில் போடும் அவசரத்தில் டிசம்பரில் தார் ஊற்றுகிறவரைத்தான் சந்தேகப்படுவேன்.

குளிர்காலத்தில் குழி விழுந்தால்? பையில் வரும் ரெடிமேட் கலவையைக் கொட்டி இடித்துவிடுவார்கள். அது ஒட்டுதான். கோடையில் வெட்டி எடுத்துவிட்டு முறையாகப் போட வேண்டும்.