பால்வெட்டு உளியைத் தேய்த்துவிடாதீர்கள்!

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் அத்தை வீட்டுக்கு மூன்று வாரம் வருகிறேன். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பழைய கிராணி (தோட்டக் கணக்கர்) வீட்டைச் சிறிய அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்களாம். சம்பளம் வேண்டாம், கூடமாட உதவ ஆசை. செய்யலாமா? என்ன வேலை இருக்கும்?
– வாசகி, நாமக்கல்

பதில்: வாங்கம்மா. முதலில் குடிநுழைவு விஷயம். இந்தியக் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தச் சலுகை 2026 கடைசி வரை. வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பிவிடுங்கள். ஆனால் இது ஊர் பார்க்க, உறவைப் பார்க்கத் தரும் அனுமதி. தினமும் போய்ப் பொறுப்பாக வேலை செய்தால், சம்பளம் வாங்கவில்லை என்ற ஒன்று மட்டும் உங்களைக் காப்பாற்றாது. எதுவரை செய்யலாம் என்று நடத்துகிறவர்களையே குடிநுழைவு இலாகாவில் கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கித் துடைக்க ஆள் கிடைக்கும். பெயர் எழுதத்தான் ஆள் இல்லை. நான் பார்த்த இப்படிப்பட்ட இடங்களில் பாதிப் பொருளுக்குக் கீழே 'பழைய உளி', 'பழைய வாளி' என்றுதான் எழுதியிருக்கும். பழசு என்று எங்களுக்கும் தெரியுமே! எந்தத் தோட்டம், யார் வெட்டிய உளி, யார் கொடுத்தது? இதையெல்லாம் ஒரு தடித்த நோட்டில் எண் போட்டு எழுதுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதென்றால் மென்மையான பென்சில் மட்டும். பேனா மை இந்த ஊர் ஈரத்தில் மறுபக்கம் ஊறிவிடும். கிழிந்த காகிதத்துக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். உளியைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற ஆசையும் வேண்டாம். என் அம்மா பால் வெட்டியவர். அவர் உளியின் பிடியில் விரல் பதிந்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். மணல்தாள் பட்டால் அது போச்சு.

அப்புறம் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பாட்டிகளிடம் உட்காருங்கள். ரப்பர் பால் பிடிக்கும் மங்கு (கோப்பை) ஒன்றை முன்னால் வைத்தால் போதும், பேச்சு தானாக வரும். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), தலைவிளக்கு, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்ற அவசரம், கடைசியில் மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் பொறுக்குவது எல்லாம் சொல்வார்கள். ஜப்பான்காரர்கள் போர்க்காலத்தில் ஆள் பிடித்துப் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத அப்பாக்களைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். பதிவு செய்வதானால் முன்பே சொல்லிவிடுங்கள். கைப்பேசியைத் துணிக்கடியில் ஒளித்துவைத்துப் பதிவு செய்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிப்பதில்லை.

சிவப்பு அடையாள அட்டை ஏதாவது கண்ணாடிப் பெட்டியில் இருந்தால், எண்ணை மறைக்கச் சொல்லுங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை கிடைக்காமல் அந்த அட்டையோடு நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அவர்கள் வீட்டு விஷயம்.

ஒரு நாள் ஒதுக்கி கோலகங்சார் போய்வாருங்கள். 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. அத்தையையும் கூட்டிப் போங்கள். பக்கத்திலேயே இருக்கிறவர்கள்தான் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டார்கள்.