நாய்க்கூண்டுக்கு மேல் ஒரு விளக்கு

கேள்வி: ஐயா, "கோபுரத்தில் வெளிச்சம், குடிசையில் இருட்டு, இதுதான் நியாயமா?" என்று ஏழை பணக்காரர் பேதம் பற்றி ஒரு புதுக்கவிதை எழுதினேன். இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா தாமானில் (வசதியான குடியிருப்புப் பகுதி) ஒரு வீட்டில் வேலை செய்கிறார். நான் பொய்யாக எழுதவில்லை. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தம்பி, உங்கள் கோபத்தில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கோபுரமும் குடிசையும் யாருடையவை? சுங்கை சிப்புட்டில் நீங்கள் பார்த்த வீடு ஒன்றுகூட அதில் இல்லையே.

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான். அம்மா காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, சாயங்காலம் மேட்டு பங்களாவுக்குத் துணி தேய்க்கப் போவார். கையில் ஒட்டுப்பால் வாடை போகாது என்று சவர்க்காரம் போட்டு மூன்று முறை கழுவுவார். பங்களாவுக்குத் தனி ஜெனரேட்டர். அங்கே நாய்க்கூண்டுக்கு மேல் ஒரு விளக்கு விடிய விடிய எரியும். அதைப் போட்டுவிட்டு வருவதுதான் அம்மாவுக்குக் கடைசி வேலை. பல வருடம் கழித்து இப்படி எழுதினேன்:

நாய்க்கூண்டு விளக்கைப்
போட்டுவிட்டு
அம்மா இறங்கி வருகிறாள்
இருட்டு வழியே,
சுவரைத் தடவித்
தன் வீட்டைத் தேடி.

நியாயமா என்று நான் கேட்கவில்லை. படித்தவர்கள் கேட்டார்கள்.

புறநானூற்றில் 194ஆம் பாட்டைப் பாருங்கள். பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. இரண்டையும் காதில் கேட்க வைத்த பிறகுதான் இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று திட்டுகிறார். திட்டலாம், ஆனால் முதலில் காட்ட வேண்டும்.

லயத்துக் கதையெல்லாம் பழசு என்று நினைக்காதீர்கள். இன்று தோட்டங்களில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுகிறவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. அந்தப் பணத்தில் வாடகை, அரிசி, பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணம் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள், எந்த வரியில் பணம் தீர்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அதுவும் கவிதைதான்.

சரி, ஒன்று கேட்கிறேன். தாமான் வீட்டிலிருந்து திரும்பும்போது உங்கள் அம்மா பையில் என்ன கொண்டு வருகிறார்? அங்கே அவர் தண்ணீர் குடிக்கும் டம்ளர் எங்கே இருக்கிறது? இன்று ராத்திரி அவரிடமே கேளுங்கள்.